மின்கையொப்பமா, மின்னொப்பமா, தற்குறியா? (அவசரம், வியாழன் மாலைக்குள்)

வ. (தாம்பரம்), திங்கள் காலை 9:10

குழுவினருக்கு வணக்கம்.

வீட்டு வாடகை ஒப்பந்தத்தைக் கைப்பேசியிலேயே எழுதி, அங்கேயே கையெழுத்தும் வாங்கிவிடுகிற ஒரு செயலியைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வியாழன் மாலை ஆறு மணிக்குக் கொடுக்க வேண்டும். மற்றதெல்லாம் ஓடிவிட்டது, இரண்டு சொல்லில் மாட்டிக்கொண்டேன். ஒன்று 'எலக்ட்ரானிக் சிக்னேச்சர்', இன்னொன்று 'டிஜிட்டல் சிக்னேச்சர்'. எனக்கு முன்னால் மொழிபெயர்த்தவர் இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டுவிட்டார். அதனால் ஒரு திரையில் 'மின்னணு கையொப்பம் என்பது மின்னணு கையொப்பத்தையும் உள்ளடக்கும்' என்று நிற்கிறது. (வல்லினம் மிகவில்லை, அது வேறு வயிற்றெரிச்சல்.)

பொத்தானில் இடம் குறைவு. பயன்படுத்தப் போகிறவர்களில் பாதிப் பேர் அறுபதைத் தாண்டிய வீட்டுக்காரர்கள். இதை மனத்தில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள்.

அன்புடன்,
வ.


ச. (மதுரை, வழக்கறிஞர்), திங்கள் காலை 10:45

> 'மின்னணு கையொப்பம் என்பது மின்னணு கையொப்பத்தையும் உள்ளடக்கும்'

சிரித்துவிட்டேன். ஆனால் அவர் மேல் முழுப் பழியையும் போடாதீர்கள், சட்டத்தின் அமைப்பே அப்படித்தான். 2000ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டம் வந்தபோது டிஜிட்டல் மட்டும்தான் இருந்தது. இரட்டைச் சாவி (கையொப்பமிட ஒரு ரகசியச் சாவி, சரிபார்க்க ஒரு பொதுச் சாவி), சான்றிதழ் வழங்கும் அமைப்பு என்று ஒரே தொழில்நுட்பம். 2008 திருத்தம் 3ஏ பிரிவைச் சேர்த்து எலக்ட்ரானிக் என்ற பெரிய குடையை விரித்தது. அது 2009 அக்டோபர் 27 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆதார் எண்ணும் ஓ.டி.பி.யும் கொடுத்துப் போடுகிற ஈ-சைன் 2015இல் அந்தக் குடைக்குள் வந்து நின்றது. ஆக, எலக்ட்ரானிக் பெரிய வட்டம், டிஜிட்டல் அதற்குள் ஒரு சின்ன வட்டம். இரண்டுக்கும் இரண்டு சொல் வேண்டும், அதில் சமரசமே கிடையாது.

விரலால் திரையில் கிறுக்குவதை உங்கள் செயலி எப்படி அழைக்கிறது என்றும் பாருங்கள். எந்தெந்த முறை செல்லும் என்று சட்டத்தின் இரண்டாம் அட்டவணை சொல்கிறது. விரல் கிறுக்கல் அதில் இல்லை. அதற்காக ஒப்பந்தமே செல்லாது என்று ஆகிவிடாது, 10ஏ பிரிவு இருக்கிறது. ஆனால் 'இது நான் போட்டதே இல்லை' என்று ஒருவர் கூண்டில் ஏறி நின்றால் மெய்ப்பிப்பது உங்கள் பாடு.

அப்புறம், 'லீஸ்' என்பதை என்ன செய்தீர்கள்?


வ. (தாம்பரம்), திங்கள் காலை 11:02

'குத்தகை' என்று போட்டிருக்கிறேன். தப்பா?


ச. (மதுரை), திங்கள் காலை 11:20

குத்தகை என்றால் எங்கள் பக்கம் வயல், தோப்பு, கண்மாய் மீன் என்றுதான் நினைவு ஓடும். இரண்டு படுக்கையறை வீட்டைக் குத்தகைக்கு விடுவதாக யாரும் பேசிக் கேட்டதில்லை. போகட்டும், 'லீஸ்' என்று அப்படியே விட்டால் இன்னும் ஆபத்து. சென்னையில் 'லீசுக்கு வீடு' என்று பலகை தொங்கினால் என்ன பொருள்? ஏழெட்டு லட்சத்தை மொத்தமாகக் கொடுத்துவிட்டு மாத வாடகை இல்லாமல் குடியிருப்பது. அதற்கு நம்மிடம் ஒத்தி என்றும் போக்கியம் என்றும் சொல் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதியவனுக்கு இது தெரியாது. 'வாடகை ஒப்பந்தம்' என்றே போட்டுவிடுங்கள்.


கு. (கோவை), திங்கள் மாலை 6:30

இழை திசைமாறுவதற்கு முன் என் முன்மொழிவு:

எலக்ட்ரானிக் = மின்னொப்பம்
டிஜிட்டல் = எண்ணிம ஒப்பம்

காரணம். ஒரு குடும்பமே நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. பக்கத்துக்குப் பக்கம் போடுகிற சின்னக் கையெழுத்துக்கு அரசு அலுவலகத்தில் சுருக்கொப்பம் என்கிறார்கள். மேலதிகாரி போடுவது மேலொப்பம். நகலுக்கு வாங்குவது சான்றொப்பம். இவற்றில் எதிலாவது 'கை' இருக்கிறதா? இல்லை. ஓ.டி.பி. தட்டுகிற இடத்தில் மட்டும் கை எதற்கு? மின்+ஒப்பம், தனிக்குறில் முன் ஒற்று இரட்டித்து மின்னொப்பம். கச்சிதம். பொத்தானிலும் அடங்கும்.

முந்திக்கொண்டு ஒன்று சொல்லிவிடுகிறேன். 'எண்மம்' என்று யாரும் வராதீர்கள். எண்கோணம், எண்சாண் உடம்பு என்பதுபோல அது எட்டைக் குறிக்கும், எட்டின் அடி எண்முறைக்கு அந்தச் சொல் தேவை. எண்ணிமம்தான் சரி.


நி. (யாழ்ப்பாணம்), திங்கள் இரவு 9:15

வ. அக்காவுக்கு வணக்கம்.

இஞ்ச சட்டத் தமிழில 'இலத்திரனியல்' எண்டுதான் புழக்கம். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் பற்றியது. 'மின்' எண்டு மட்டும் போட்டால் எங்கட ஆக்களுக்குக் கரண்ட் பில்தான் நினைவுக்கு வரும். ஒப்பத்துக்கும் எங்களிட்ட இன்னொரு சொல் இருக்குது, கைச்சாத்து. எந்தப் பேப்பரை எடுத்தாலும் 'ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்டது' எண்டுதான் கிடக்கும்.

ஆனால் காணி, வீடு எண்டு வந்தால் எங்களுக்கு இந்தப் பிரச்சினையே இல்லை. 1840ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் ஒண்டு இன்னும் உயிரோட இருக்குது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை எண்டால் நொத்தாரிசுக்கு (நோட்டரிக்கு) முன்னால, ரெண்டு சாட்சியோட உறுதி, அதாவது பத்திரம், எழுத வேணும். 2006 சட்டமும் காணி விற்பனையை வெளியிலதான் வைச்சிருக்குது. அதால நாங்கள் இன்னும் பேனையோடதான் போறம். (ஓம், இஞ்ச வீட்டுக்கும் குத்தகை எண்டு சொல்லுவம். மதுரை ஐயா மன்னிக்க.)


பேரா. (பாளையங்கோட்டை), செவ்வாய் அதிகாலை 4:50

அன்பர்களுக்கு,

தம்பி கு. 'ஒப்பம்' என்றார். மகிழ்ச்சி. ஆனால் ஒப்பம் என்றால் மெருகு என்றும் பொருள் உண்டு. பொன்னுக்கு ஒப்பமிடுதல் என்பது பழைய வழக்கு. மின்னொப்பம் என்றால் நகைக்கடைக்காரர் மின்முலாம் என்று எண்ணுவார். அது கிடக்கட்டும்.

ஒப்பம் ஒத்தலிலிருந்து பிறந்தது என்பதை மறக்க வேண்டாம். ஒப்பிட்டுப் பார்த்தால் ஒக்க வேண்டும், அதுதான் ஒப்பம். பெரியபுராணத்தில் தடுத்தாட்கொண்ட புராணத்தை நினைத்துப் பாருங்கள். கிழவேதியராக வந்த சிவன் ஆளோலையை (அடிமைச் சாசனத்தை) நீட்டுகிறார், நம்பியாரூரர் (சுந்தரர்) பிடுங்கிக் கிழித்துப் போடுகிறார். கிழவர் அசைகிறாரா? 'நீ கிழித்தது படியோலை, மூல ஓலை என்னிடம் இருக்கிறது' என்கிறார். வெண்ணெய்நல்லூர் அவையில் அதை விரித்தால், 'இதற்கு இவை என்னெழுத்து' என்று பாட்டனார் கையெழுத்து நிற்கிறது. சாட்சிகளின் மேலெழுத்தைப் பார்க்கிறார்கள். பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையை வருவித்து ஒப்புநோக்குகிறார்கள். இரண்டும் ஒத்துப்போகின்றன, வழக்கு முடிந்தது. படி வேறு, மூலம் வேறு, சரிபார்த்தல் வேறு, சான்று வேறு. உங்கள் இரட்டைச் சாவியில் இதற்கு மேல் என்ன இருக்கிறது?

ஆகவே கல்வெட்டில் கையொப்பத்துக்குச் சொல் 'எழுத்து' என்பதே. 'இவை இன்னான் எழுத்து' என்று சோழர் கல்வெட்டுகளில் வரிசையாக வரும். எழுதத் தெரியாதவன் என்ன செய்தான்? தன் குறியை இட்டான். தன்+குறி, தற்குறி. அந்தக் கீறல் இன்னான் இட்டதுதான் என்று எழுத்தறிந்த ஒருவன் சான்று சொல்வதற்குத் 'தற்குறி மாட்டெறிதல்' என்று பெயர். சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியைப் புரட்டுங்கள்.

இப்போது யோசியுங்கள். ஓ.டி.பி. அடிக்கிறவன் எதையும் எழுதவில்லை. தனக்கே உரிய ஓர் அடையாளத்தை இடுகிறான். அது அவனுடையதுதான் என்று மூன்றாமவர் சான்று தருகிறார். எழுத்தும் இல்லை, கையும் இல்லை, ஒப்பமும் இல்லை. அச்சு அசலாகத் தற்குறி! டிஜிட்டலுக்கு 'தற்குறி' என்றும், சான்றிதழ் தரும் அமைப்புக்கு 'மாட்டெறிவோர்' என்றும் ஆளலாம் என்பது என் துணிபு.


கு. (கோவை), செவ்வாய் காலை 7:40

ஐயா, வணக்கம். ஆராய்ச்சி அருமை. ஆனால் 'இங்கே உங்கள் தற்குறியை இடவும்' என்று திரையில் வந்தால் வீட்டுக்காரர் கைப்பேசியைச் சுவரில் எறிவார். இன்று சமூக ஊடகத்தில் நான்கு பேர் சண்டை போட்டால் முதலில் வருகிற வசவே அதுதான்.


பேரா. (பாளையங்கோட்டை), செவ்வாய் காலை 7:55

வசவானது நம் குற்றம், சொல்லின் குற்றமன்று. நாற்றமும் ஒரு காலத்தில் நறுமணம்தான்.


ச. (மதுரை), செவ்வாய் காலை 9:30

ஐயா, அதே நாற்றத்தை இன்று மல்லிகைக்கு எழுதி ஒரு பூக்கடையில் பலகை மாட்டிப் பாருங்களேன்.

வ. அவர்களுக்கு, சட்டப் பக்கத்தில் போட வேண்டிய ஒன்றை நேற்று விட்டுவிட்டேன். அசையாச் சொத்து விற்பனை ஒப்பந்தங்களுக்கு இந்தச் சட்டமே பொருந்தாது என்று முதல் அட்டவணையில் ஒரு வரி இருந்தது. 2022 செப்டம்பர் 26 அறிவிக்கை அந்த வரியை எடுத்துவிட்டது. உயிலும் பொறுப்புரிமை (டிரஸ்ட்) ஆவணமும் இன்னும் அட்டவணையில்தான் இருக்கின்றன. அதற்காக வீட்டில் உட்கார்ந்தே கிரயம் முடித்துவிடலாம் என்று உங்கள் செயலி ஆசை காட்டக் கூடாது. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் அப்படியே இருக்கிறது. கிரயம் என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் புகைப்படம், விரல் ரேகை எல்லாம் உண்டு. ஓராண்டுக்கு மேற்பட்ட வாடகையும் பதிவு கேட்கும். ஊரெல்லாம் 11 மாத ஒப்பந்தம் போடுவதன் ரகசியம் அதுதான். அதிலும் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் எல்லா வாடகை ஒப்பந்தமும் எழுத்தில் வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்கிறது. ஆக, உங்கள் பொத்தானை அழுத்தினதும் 'எல்லாம் முடிந்தது' என்று வாழ்த்துச் செய்தி வந்தால் அது பொய். 'கையொப்பம் முடிந்தது. இனிப் பதிவு செய்யவும்' என்று போடுங்கள்.


வ. (தாம்பரம்), புதன் இரவு 10:20

எல்லோருக்கும் நன்றி. நேற்றும் இன்றும் ஒரு சோதனை செய்தேன். என் அம்மா மாடிப் போர்ஷனை வாடகைக்கு விட்டிருக்கிறார், வயது 66. நான்கு சொற்களைத் திரையில் காட்டி என்ன புரிகிறது என்று கேட்டேன்.

'எண்ணிம ஒப்பம்': "எண்ணெயா?"

'இலத்திரனியல் கையொப்பம்': இரண்டு முறை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "கையொப்பம் தெரியுது, முன்னாடி இருக்கறது என்ன, கட்சிப் பேரா?"

'மின்னொப்பம்': கொஞ்சம் யோசித்து, "ஒப்பந்தம்னு போட வந்து தப்பா அடிச்சிட்டியா?"

'மின்கையொப்பம்': "ஃபோன்ல கையெழுத்துப் போடறதா?"

அப்புறம் போட்டும் பார்த்தார். நாற்பது வருஷமாக ஒரே மாதிரி, கடைசி எழுத்தின் சுழியை நீட்டிப் பெயருக்கு அடிக்கோடாக இழுத்துவிடுவார். திரையில் விரலை வைத்ததும் அந்தச் சுழி கட்டத்துக்கு வெளியே ஓடி அறுந்துபோனது. மூன்று தடவை அழித்து அழித்துப் போட்டார். நான்காவது தடவை கைப்பேசியை என்னிடமே நீட்டி, "இது என் கையெழுத்தே இல்ல, நீயே போட்டுக்கோ" என்றார். பேராசிரியர் ஐயா சொன்ன ஒத்தல் எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தக் கிறுக்கல் எதோடும் ஒக்காது. ஓ.டி.பி. கேட்டபோது மட்டும் தயங்காமல் எண்ணைப் படித்துச் சொன்னார், அதுவும் சத்தமாக, பால்காரர் வாசலில் நிற்கும்போது. அந்த எண்ணை யாரிடமும் சொல்லக் கூடாது என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன், பெரிய எழுத்தில்.

எனவே நாளை இப்படி அனுப்பப் போகிறேன்: சட்டப் பக்கத்தில் மின்கையொப்பம். பொத்தானில் வெறும் 'கையெழுத்திடுக'. டிஜிட்டலுக்கு, மன்னிக்கவும், 'டிஜிட்டல் கையொப்பம்'. விரல் கிறுக்கலுக்கு 'விரலால் வரைந்த கையெழுத்து'.


கு. (கோவை), புதன் இரவு 10:41

மின்கையொப்பம் சரி, ஒத்துக்கொள்கிறேன். 'டிஜிட்டல்' வேண்டாம். ஒரு அம்மாவைக் கேட்டுவிட்டு மொழியை முடிவு செய்யக் கூடாது. 'கணினி' என்ற சொல்லையும் அன்று உங்கள் அம்மாவிடம் கேட்டிருந்தால் 'கனியா?' என்றுதான் கேட்டிருப்பார். இன்று ஆறாம் வகுப்புப் பிள்ளை சொல்கிறது. பழகப் பழகத்தான் வரும்.


வ. (தாம்பரம்), புதன் இரவு 10:50

நீங்கள் சொல்வது பாடநூலுக்குச் சரி, கு. பிள்ளைக்குப் பழக ஒரு வருடம் இருக்கிறது. என் அம்மாவுக்கு அந்தத் திரையில் இருப்பது அரை நிமிடம், அதில் அடமானம் போவது அவருடைய வீடு என்று அவருக்கு ஒரு பயம் வேறு.


நி. (யாழ்ப்பாணம்), வியாழன் காலை 8:05

மின்கையொப்பத்துக்கு என்ர வாக்கும். ஆனால் இலங்கைப் பதிப்பு எண்டு ஒண்டு வந்தால் இலத்திரனியல்தான், இப்பவே சொல்லிப்போட்டன்.


பேரா. (பாளையங்கோட்டை), வியாழன் காலை 8:30

பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன், உடன்பட்டேன் என்று மட்டும் எழுத வேண்டாம். கையில்லாத இடத்தில் கையொப்பம் என்பது எனக்கு இன்னும் தொண்டையில் நிற்கிறது. என் மறுப்பு குழுவின் பதிவில் இருக்கட்டும். இதற்கு இவை என்னெழுத்து.


மட்டுறுத்துநர், வியாழன் காலை 9:00

பேராசிரியர் ஐயாவின் கடைசி மடல் மூன்று முறை வந்திருக்கிறது. எது மூலம், எது படி என்று சொன்னால் மற்ற இரண்டையும் நீக்கிவிடுகிறேன். எண்ணிமமா டிஜிட்டலா என்பதைத் தொடர விரும்புவோர் தயவுசெய்து தனி இழை தொடங்கவும்.