வீட்டுக்காரர் வீல்சேர்ல, பையன் கை எட்டாத தூரத்துல நின்னு டபாய்க்கறான், என்ன பண்றது?

வியாசர்பாடி அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா படிச்சுட்டு மட்டும் போவேன், இன்னிக்கு எழுதிடலாம்னு. வீட்டுக்காரர் பெயிண்டிங் வேல, ரெண்டு வருஷம் முன்னாடி சாரத்துலேர்ந்து வுழுந்து முதுகுத்தண்டு அடிபட்டுடுச்சு, டி12னு, நடு முதுகுக்குக் கீழ இருக்கற எலும்பாம், டாக்டர் சொன்னாங்க, இடுப்புக்குக் கீழ உணர்ச்சி இல்ல, கை ரெண்டும் நல்லா இருக்கு. பையனுக்கு 9, பாப்பாவுக்கு 4. நான் எம்.சி. ரோட்ல துணிக்கடைல வேல, காலைல போனா வர ராத்திரி ஒம்போது மணி, தீபாவளி டைம்னா கேக்கவே வேணாம்.

மருந்து மாத்திரை பத்தி கேக்க வரல, அதெல்லாம் பழகிப்போச்சு. பையன் விஷயம்தான். அப்பா கூப்ட்டா கிட்டயே வர்றதில்ல. எங்க வீட்டு வாசப்படிக்கு அந்தாண்ட போய் நின்னுக்கறான், அந்தப் படிய தாண்டி வீல்சேர் வராதுன்னு அவனுக்குத் தெரியும், அங்கேர்ந்து "முடிஞ்சா புடி"ங்கறான். போன வாரம் இவரு கைல இருந்த டம்ளர தூக்கி அடிச்சுட்டாரு, செவுத்துல பட்டு டீ எல்லாம் பாப்பா மேல தெறிச்சுது, நல்லவேள ஆறிப்போன டீ. அன்னிலேர்ந்து யார்கிட்டயும் பேசறதில்ல, செவுத்துப் பக்கம் திரும்பி படுத்துக்கறாரு. மாமியார் "அவனே நொந்து போயிருக்கான், பசங்க விஷயத்த அவன் காதுல போடாத"ன்றாங்க. நானும் நேரமில்லாம எல்லாத்தையும் நானே முடிவு பண்ணிடறேன். அப்பான்ற மரியாத எப்படி வரும்? நாலு போட்டா சரியாவுமா?

சிவா 78:
சிஸ்டர், எங்க சொந்தக்காரருக்கு மூலிகை எண்ணெய் காய்ச்சி சூடா ஒத்தடம் குடுத்தாங்க, ஆறே மாசத்துல எழுந்து நடந்தாரு. அட்ரஸ் வேணும்னா சொல்லுங்க.

நாலு சக்கரம் தண்டையார்பேட்டை:
மொதல்ல எண்ணெய் அண்ணனுக்கு: உணர்ச்சி இல்லாத கால்ல சூடு வெச்சா கொப்புளம் வந்தப்புறம்தான் நமக்கே தெரியும். நான் சுடு டீ சொம்ப மடில வெச்சுக்கினு போய் தொட வெந்துபோச்சு, வலியே தெரியல, ஆற மூணு மாசம். அந்த அட்ரஸ நீயே வெச்சுக்கோ நைனா.

தங்கச்சி, நான் வீல்சேர்ல 11 வருஷம், என் பொண்ணுக்கு அப்போ 6 வயசு. உன் புள்ளைய அடிக்காத. நோட்ல கையெழுத்து நீ, காசு நீ, வெளாட போவ பர்மிசன் நீ, அப்புறம் அந்தாளு பேச்ச அவன் இன்னாத்துக்கு கேக்கணும்? எங்க வீட்லயும் இதே கததான். நான் டிவிய அணைன்னு சொல்லுவேன், கிச்சன்லேர்ந்து "பாவம் பாத்துட்டு போவட்டும் வுடுங்க"ன்னு ஒரு கொரல் வரும், அவ்ளோதான், நான் காலி. கடைசில சண்ட போட்டு ஒரு முடிவுக்கு வந்தோம், வெளாட போறதுக்கும் கைக்காசுக்கும் அப்பாவத்தான் கேக்கணும், நான் தப்பாவே சொன்னாலும் பசங்க எதுர்ல அத மாத்தக்கூடாது, ராத்திரி தனியா திட்டிக்கலாம். ராத்திரி நல்லாவே திட்டு வுழும்.

இன்னொண்ணு, யூரின் பேக் காலி பண்றத பையன் கைல குடுத்துடாத. கை நல்லா இருக்கற ஆளு, நாலு மணிநேரம் ஆறு மணிநேரத்துக்கு ஒருவாட்டி தானே டியூப் போட்டு எடுக்க கத்துக்கலாம், உங்க டாக்டர கேளு, நர்ஸே சொல்லிக்குடுப்பாங்க. மூத்திரம் புடிச்சு ஊத்தற புள்ளைய அதட்ட எந்த அப்பனுக்கும் வாய் வராது. எங்க பசங்களுக்கு ஒரே ஒரு டியூட்டிதான், கால் மணிக்கு ஒருவாட்டி நான் கைய ஊனி இடுப்ப தூக்கணும் இல்ல, இல்லாட்டி புண்ணு வந்துரும், அதுக்கு "அப்பா தூக்கு"ன்னு கத்தணும். ஆள் வந்திருந்தாலும் கத்துதுங்க, மானம் போவுது.

அந்த வாசப்படிய ஒரு வழி பண்ணு. ஒரு அடி ஒசரத்துக்கு 12 அடி நீள சரிவுன்றது கணக்கு. அரை அடி படின்னா 6 அடி பலகை, போட்டு எடுக்கற மாதிரி இருந்தா ஹவுஸ் ஓனரும் ஒண்ணும் சொல்ல மாட்டாரு. மொதல்ல பின்னாடி ஒரு ஆள் புடிச்சுக்கணும்.

அப்புறம் ஒரு கேரம் போர்டு வாங்கு. நம்ம புது வண்ணாரப்பேட்ட காசிமா 2024ல அமெரிக்கா போய் வேர்ல்ட் கப் ஜெயிச்சுதே, அதுக்கு ஆட்டோ ஓட்டற அவங்க அப்பாதான் கத்துக்குடுத்தாரு. கேரம் ஆட காலு எதுக்கு? உக்காந்துக்கினுதானே எல்லாரும் ஆடறோம்.

ராயபுரம் பொண்ணு:
அக்கா, நான் உங்க பையன் எடத்துலேர்ந்து சொல்றேன். எனக்கு 10 வயசுல எங்கப்பாவுக்கு ஸ்ட்ரோக், வலது கை கால் வரல, பேச்சும் போச்சு. ஆனா நாம பேசறது எல்லாம் புரியும். வர்ற சொந்தக்காரங்க அவர் எதுர்லயே "இவருக்கு இன்னா தெரியப்போவுது"ம்பாங்க, அவரு கண்ணு அப்படியே என் பக்கம் வரும், அத இன்னிக்கும் மறக்க முடியல. எங்கம்மா ஒரு காரியம் பண்ணாங்க, ராங்க் கார்டுல அப்பாதான் கையெழுத்துன்னு சொல்லிட்டாங்க. எடது கைல போடுவாரு, கோழி கிளறுன மாதிரி இருக்கும். டீச்சர் நானே போட்டுட்டேன்னு நெனச்சு வெளிய நிக்க வெச்சாங்க, எங்கம்மா மீன் கூடையோட நேரா ஸ்கூலுக்கு வந்து கத்துனாங்க பாருங்க. அதுக்கப்புறம் கணக்குல ஃபெயிலானா எங்கப்பாகிட்ட காட்டத்தான் பயப்படுவேன். அவரால ஒரு வார்த்த திட்ட முடியாது, ஆனாலும் பயம்.

டம்ளர் விஷயத்துக்கு அவரே பாப்பாகிட்ட சாரி கேக்கணும்னு எனக்குத் தோணுது.

பெரம்பூர் சித்தி:
எல்லாரும் மனசு விஷயம் சொல்லிட்டீங்க, நான் காகித விஷயம் சொல்றேன். யுடிஐடி கார்டு, அதான் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, எடுத்தாச்சாம்மா? கடுமையா பாதிச்சவங்களுக்கு மாசம் 2000 ரூபா பராமரிப்புத் தொகை இருக்கு, மாற்றுத்திறனாளி ஆபீஸ்ல எழுதிக் குடுக்கணும். மக்களைத் தேடி மருத்துவம்னு அரசுத் திட்டம் இருக்கு, அதுல பிசியோ வீட்டுக்கே வருவாங்க, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல பேர் குடுங்க. அப்புறம் வெளிய கூட்டிட்டு போங்க. வண்ணாரப்பேட்டலேர்ந்து விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ வந்ததுலேர்ந்து லிப்ட்லயே ஏறி எறங்கலாம், நான் எங்க வீட்டுக்காரர திருவொற்றியூர் தேரடிக்கு அப்படித்தான் தள்ளிட்டுப் போறேன். மழை நாள்ல மட்டும் வேணாம், உங்க ஏரியா தண்ணி நிக்கறது ஊருக்கே தெரியும்.

வியாசர்பாடி அம்மா:
மூணு வாரம் கழிச்சு வரேன், எல்லாருக்கும் நன்றி. சாரி அவர் கேக்கல. ஆனா பாப்பாவ மடில வெச்சு வீட்டுக்குள்ளயே ரவுண்டு அடிக்கறாரு, அதோட சரி. காசு பர்மிசன் எல்லாம் அவர்கிட்ட வுட்டுட்டேன், மொத நாளே பையன் வெளாட போகக் கேட்டதுக்கு "ஹோம்வொர்க் முடிச்சுட்டு போ"ன்னுட்டாரு, அவன் என்ன பாத்து அழறான், எனக்கு நாக்கு துடிக்குது, வெங்காயம் நறுக்கற மாதிரி குனிஞ்சுக்கிட்டேன். மாமியார் தான் போய் சமாதானம் பண்ணாங்க, அவங்கள ஒண்ணும் பண்ண முடியாது.

பலகை போட்டாச்சு. ஞாயித்துக்கெழம என் தம்பி பின்னாடி புடிச்சுக்கினு எறக்குனான். பையன் வழக்கம் போல "முடிஞ்சா புடி"ன்னான், இவரு தெருவுல தொரத்திட்டாரு, ஆஸ்பத்திரிக்குப் போறத வுட்டா ரெண்டு வருஷத்துல தெருவுக்கு வந்தது அன்னிக்குத்தான். முன் சக்கரம் கால்வா மூடி சந்துல மாட்டிக்கிச்சு. ஓடுனவனே திரும்பி வந்து இழுத்து வுட்டான், வுட்டதும் காத புடிச்சுட்டாரு. வர்றப்ப ரெண்டு பேர் கைலயும் பன்னீர் சோடா, காசு அவரு குடுத்தது.

நாலு சக்கரம் அண்ணா, தூறல் போட்டா பலகை வழுக்குது, மேல என்ன ஒட்டறது? பழைய டயர் ரப்பர் தாங்குமா?