ஜென்ஷின் இம்பாக்ட் (வீடியோ கேம்): 2020 டீம் இனி தேறாதா?

பென்னட், சியாங்லிங், சிங்கியு, சுக்ரோஸ் என்ற நாலு கேரக்டர் டீம். நேரம் வைத்துச் சண்டை போடும் ஸ்பைரல் அபிஸின் 12ஆம் தளத்தில் நேரம் போதாமல் 3 ஸ்டார் வரமாட்டேங்குது. கையில் 14,000 பிரைமோஜெம் (கேம் நாணயம்). புது கேரக்டருக்கான குலுக்கலில், அதாவது பேனரில், இழுக்கலாமா?

↳ ஒரு விஷுக்கு (ஒரு இழுப்புக்கு) 160, ஆக 87 விஷ்தான். 74ஆவது விஷிலிருந்து வாய்ப்பு ஏறும், 90இல் 5 ஸ்டார் கேரக்டர் (உயர்ந்த ரகம்) உறுதி. ஆனால் பேனர் கேரக்டருக்குப் பதில் வேறு 5 ஸ்டார் வந்துவிட்டால் மறுபடி 90 வரை போகணும். மோசமான கணக்கு 180 விஷ், அதாவது 28,800 பிரைமோஜெம். இப்போ தொடாதீங்க. முதல்ல சியாங்லிங்கின் எனர்ஜி ரீசார்ஜ் (அல்டி எனும் பெரிய தாக்குதலுக்கு சக்தி நிரம்பும் வேகம்) எவ்வளவு?

↳↳ 150%.

↳ அங்கேதான் அடி வாங்குது. 200% பக்கம் கொண்டு வாங்க. பென்னட் அல்டி போட்டதும் அட்டாக்கை ஏற்றும் ஒரு வட்டம் வரும், அந்த வட்டத்துக்குள்ளேயே சியாங்லிங் அல்டி. போடும் கணத்து அட்டாக்கை அது பிடித்து வைத்துக்கொள்ளும். பிறகு வெளியே வந்தாலும் குறையாது. வரிசை மாறினால் பூஸ்ட் வீண்.

↳ பென்னட்டுக்கு பேஸ் அட்டாக் அதிகமுள்ள வாள் கொடுங்க. ஆர்டிஃபாக்ட் (கேரக்டர் அணியும் பொருட்கள்) தரும் அட்டாக் அவர் பூஸ்டில் சேராது, பலர் இதில்தான் ஏமாறுறாங்க. பவர் க்ரீப் (பழசு போதாமல் போவது) உண்மைதான், எதிரிகளின் எச்பி (உயிர் அளவு) ஏறிக்கொண்டேதான் போகுது. ஆனா ஒரு அறையில் முழு 3 ஸ்டாருக்கு, ரெண்டு டீம் தனித்தனியா ஆடும் ரெண்டு பாதிக்கும் சேர்த்து 180 விநாடிதான், அதனால இரண்டாவது டீமையும் பாருங்க.