கண் மட்டும் போதுமா? ஸ்மார்ட் கண்ணாடியும் ஒரு விரல் பிஞ்சும்

மின்கலம்:
இன்னொரு இழையில் தூரிகை எழுதியதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. "ஸ்மார்ட் கண்ணாடிகளில் கைக்கு இனி வேலையே இல்லை, பார்த்தாலே போதும், 2024இல் ஆப்பிளின் விஷன் ப்ரோ ஹெட்செட் அதை நிரூபித்துவிட்டது" என்கிறார். எதை நிரூபித்தது? ஓர் ஐகானைப் பார்த்தால் அது லேசாக ஒளிரும், அவ்வளவுதான். பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து ஒரு பிஞ்ச் செய்தால்தான் திறக்கும். சுட்டிக்காட்டுவது கண், முடிவெடுப்பது கை. பாதி வேலை செய்தவருக்கு முழுச் சம்பளம் எதற்கு?

தூரிகை:
என் பெயரைப் போட்டே இழை தொடங்கிவிட்டீர்கள், மகிழ்ச்சி. மடியில் கையை வைத்தபடியே செய்யும் ஒரு பிஞ்சைக் 'கை வேலை' என்று நீங்கள்தான் சொல்வீர்கள். 2016இல் வந்த மைக்ரோசாஃப்டின் முதல் ஹோலோலென்ஸ் ஹெட்செட்டை நினைத்துப் பாருங்கள். தலையைத் திருப்பிக் குறிபார்த்து, முகத்துக்கு முன்னால் விரலைத் தூக்கிக் காற்றில் தட்ட வேண்டும். கொஞ்ச நேரத்தில் தோள் வலிக்கும். அந்த வலியைப் போக்கியது, பார்வை எங்கே போகிறது என்று கருவியே பின்தொடரும் கண் தடமறிதல்தான்.

மின்கலம்:
தோள் வலியைப் பற்றி நான் கேட்கவில்லை. பிஞ்ச் வேண்டுமா, வேண்டாமா?

கடிகாரம்:
வேண்டாம். ட்வெல் என்று ஒரு வசதி இருக்கிறது, ஒரே இடத்தைச் சிறிது நேரம் உற்றுப் பார்த்தால் அதுவே கிளிக் ஆகிவிடும். விஷன் ப்ரோவின் அணுகல் அமைப்புகளிலும் அது உண்டு. தசைகளைச் செயலிழக்க வைக்கும் ஏஎல்எஸ் நோயால் கை அசைக்க முடியாதவர்கள் டோபி போன்ற நிறுவனங்களின் கண் தடமறியும் கருவிகளை வைத்துக் கண்ணாலேயே எழுதுகிறார்கள், பேசுகிறார்கள். அவர்களிடம் போய் "பிஞ்ச் இல்லாமல் முடியாது" என்று சொல்வீர்களா தம்பி?

மின்கலம்:
முதலில், நான் உங்கள் தம்பி இல்லை.

அடுத்து, வேறு வழியில்லாதவருக்கு ட்வெல் பெரிய வரம்தான், அதில் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. கை நன்றாக இருக்கும் ஒருவர் நாள் முழுக்க அணியும் கண்ணாடியில் அதை முதன்மை வழியாக வைக்க முடியுமா என்பதுதான் கேள்வி. நம் கண் நொடிக்கு மூன்று முறையாவது தாவுகிறது. ஒவ்வோர் இடத்திலும் சுமார் 200 முதல் 300 மில்லி நொடி நிற்கிறது. கூர்மையாகத் தெரியும் பகுதி இரண்டு பாகை அளவுதான், அதனால் எதையும் படிக்க வேண்டுமென்றால் அதன் மேல் பார்வை போயே தீரும். பார்ப்பதெல்லாம் கிளிக் ஆனால் என்ன நடக்கும்? தொட்டதெல்லாம் பொன்னான மைதாஸ் அரசனின் கதைதான். கணினி ஆய்வாளர் ராபர்ட் ஜேக்கப் 1990இலேயே இதற்கு மைதாஸ் தொடுகை என்று பெயர் வைத்துவிட்டார். காத்திருக்கும் நேரத்தைக் குறைத்தால் வேண்டாததெல்லாம் திறக்கும். கூட்டினால் ஒவ்வொரு பொத்தானையும் முறைத்துக்கொண்டு நிற்க வேண்டும், கண் எரியும். இந்தச் சிக்கலை அவிழ்த்தது எது? அதே பிஞ்ச்தான்.

தூரிகை:
பாடம் நடத்தியதற்கு நன்றி. ஆனால் கூகுளின் பிக்ஸல் 4 போன் வந்தபோது இதே இடத்தில் "கையசைவை அறியும் சோலி ரேடார்தான் எதிர்காலம், எல்லாப் போனிலும் கையை ஆட்டிப் பாட்டு மாற்றுவோம்" என்று பக்கம் பக்கமாக எழுதியவர் யார்? அது 2019. அடுத்த ஆண்டு பிக்ஸல் 5இல் அந்த ரேடாரே இல்லை. கை சைகை பற்றி உங்கள் ஆரூடம் எப்படிப் பலிக்கும் என்று அன்றே பார்த்துவிட்டோம்.

மின்கலம்:
பதில் இல்லாதபோது பழைய கணக்கைக் கிளறுவது உங்களுக்கு வழக்கம்தானே.

சோலி போனால் போகட்டும். 2019இல் ஃபேஸ்புக் (இன்றைய மெட்டா) சிடிஆர்எல்-லேப்ஸ் நிறுவனத்தை எதற்கு வாங்கியது? மணிக்கட்டில் தசைகளின் மின்சமிக்ஞையைப் படிக்கும் பட்டைக்காக. 2025 செப்டம்பரில் அந்தப் பட்டை மெட்டா ரே-பான் டிஸ்ப்ளே கண்ணாடியோடு விற்பனைக்கு வந்துவிட்டது. விரலை லேசாகச் சேர்த்தாலே புரிந்துகொள்கிறது, கேமராவின் பார்வையில் கை இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. அந்தக் கண்ணாடியில் கண் தடமறிதல் கிடையாது. கிடையவே கிடையாது! இன்று கடையில் கிடைக்கும், திரை வைத்த ஒரு கண்ணாடி உங்கள் கண் இல்லாமலே ஓடுகிறது, முக்கியமாக என் பிஞ்சை வைத்துத்தான் ஓடுகிறது.

தூரிகை:
"என் பிஞ்ச்"! காப்புரிமை வாங்கிவிட்டீர்களா? அதே மெட்டா 2024இல் காட்டிய ஓரியன் என்ற மாதிரிக் கண்ணாடியில் கண் தடமறிதல் இருந்ததை ஏன் விழுங்கிவிட்டீர்கள்? அகச்சிவப்பு விளக்கு, கண்ணை நோக்கும் கேமரா, அதற்கான மின்சாரம் எல்லாம் மெல்லிய சட்டகத்துக்குள் அடங்க வேண்டும். அடங்கும் நாளில் கண் திரும்ப வரும்.

மின்கலம்:
ஓரியனில் கண்ணோடு கூட மணிக்கட்டில் அதே மாதிரிப் பட்டை இருந்ததா, இல்லையா? சொல்லுங்கள், காத்திருக்கிறேன்.

வெண்பனி:
இரண்டு பேரும் கவனிக்காத விஷயம் ஒன்று. கண் எங்கே போகிறது என்பது மனம் எங்கே போகிறது என்பதற்குச் சாட்சி. 2024இல் ஆய்வாளர்கள் கேஸ்ப்ளாய்ட் என்ற தாக்குதலைச் செய்து காட்டினார்கள். விஷன் ப்ரோ அணிந்தவருக்காக வீடியோ அழைப்பில் தோன்றும் கணினி உருவத்தில் தெரியும் கண்ணசைவை வைத்தே அவர் என்ன தட்டச்சு செய்கிறார் என்று ஊகித்தார்கள். இதைப் பேசாமல் பிஞ்ச் பிஞ்ச் என்று எத்தனை நாள்?

தூரிகை:
அந்த ஓட்டையை விஷன் ப்ரோவின் மென்பொருளான விஷன்ஓஎஸ் 1.3இல் அடைத்துவிட்டார்கள், விசைப்பலகை திறந்திருக்கும்போது அந்த உருவம் நின்றுவிடும். நீங்கள் எங்கே பார்க்கிறீர்கள் என்பதைச் செயலிகளுக்கும் தருவதில்லை, நீங்கள் தேர்ந்தெடுத்த பிறகுதான் தெரியும். அரைகுறையாகப் பயமுறுத்த வேண்டாம்.

வெண்பனி:
ஒரு நிறுவனம் தருவதில்லை. மற்றவர்கள்? அரைகுறை என்று சொல்வதற்கு முன் கேள்வியை முழுதாகப் படியுங்கள்.

மின்கலம்:
செயலிக்கு எப்போது தெரியும் என்றீர்கள் தூரிகை? "தேர்ந்தெடுத்த பிறகு". எதைக் கொண்டு தேர்ந்தெடுத்த பிறகு? பிஞ்சால். உங்கள் வாயாலேயே வந்துவிட்டது, நன்றி.

கடிகாரம்:
ட்வெல்லால் தேர்ந்தெடுத்தாலும் அதே கதைதான். ஐஓஎஸ் 18இல் ஐபோனின் முன்பக்கக் கேமராவே கண்ணைத் தொடர்கிறது, அங்கேயும் கிளிக் ட்வெல்தான். நான் ஆரம்பத்திலேயே சொன்னேன், உங்களுக்குத்தான் ஏறவில்லை.

மின்கலம்:
உங்களில் யாராவது அந்த ஐபோன் வசதியை ஒரு வாரம் முழுக்க, விரலே படாமல் பயன்படுத்திவிட்டு வந்து பேசுங்கள். அதுவரை நான் சொன்னது சொன்னதுதான்.

தூரிகை:
நிபந்தனை போட நீங்கள் யார்? மாறுகண் உள்ளவர்களுக்காக ஒரு கண்ணை மட்டும் தொடரும் அமைப்பு வரை வந்துவிட்டது, நீங்கள் இன்னும் விரலை எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். ட்வெல் நேரத்தை எப்படி அமைப்பது என்று தனி இழை போடப்போகிறேன். அங்கே தயவுசெய்து வராதீர்கள்.

மின்கலம்:
வருவேன். ஓரியன் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

கடிகாரம்:
வரட்டும், தம்பி வரட்டும்.

மின்கலம்:
தம்பி என்று கூப்பிட வேண்டாம் என்று ஒருமுறை சொல்லிவிட்டேன்.