ஸ்டீரியோகிராஃபுக்குத் தமிழ்: வெள்ளிக்குள் வேண்டும்

நண்பர்களே,
ஒளிப்பட வரலாற்றுப் பாடம் ஒன்று வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் கார்ல்டன் வாட்கின்ஸ் 1861இல் கலிபோர்னியாவின் யோசெமிட்டிப் பள்ளத்தாக்கில் எடுத்த ஸ்டீரியோகிராஃப் படங்களில் நிற்கிறேன். இரண்டு லென்ஸ் கேமரா, ஒரே அட்டையில் பக்கம்பக்கமாக இரு படம். கருவிக்குள் பார்த்தால் பாறை புடைத்து நிற்கும். அட்டைக்கும் கருவிக்கும் சொல் தாருங்கள். 'முப்பரிமாணப் படம்' வேண்டாம், மாணவர்களுக்குச் சினிமாக் கண்ணாடிதான் நினைவுக்கு வருகிறது.
– செ.

'ஸ்டீரியோஸ்' கிரேக்கத்தில் திண்மை. திண்மை + படம் = திண்படம்; ஈறுபோதல், வேறொன்றுமில்லை. கருவி, திண்காட்டி. திண்ணம் இவ்வடியே; திண்ணையும் திணையும் அப்படித்தான் என்பேன். நிலக்காட்சிக்கு இதைவிடப் பொருத்தம் ஏது? 'கேமரா'வை இம்முறை பொறுத்துக்கொள்கிறேன்.
– மு.

ஐயா, திண்ணையில் ஏறினால் நீங்கள் இறங்கமாட்டீர்கள். என் வகுப்பில் 'திண்படம்' தின்பண்டம் என்றே காதில் விழும். 'இரட்டைப்படம்' போதாதா?
– இரா.

ஒரு டிக்கெட்டில் இரண்டு படமா?
– மு.

'ஆழ்படம்' என் கட்சி. வினைத்தொகை. இரு கண்ணுக்கும் சற்றே வேறுபட்ட படம் காட்டினால் ஆழம் தெரியும் என்று ஆங்கில அறிவியலாளர் வீட்ஸ்டன் 1838இலேயே விளக்கிவிட்டார். ஆனால் கண்களுக்கு நடுவே சுமார் 6.5 செ.மீ.தான், தொலைமலை தட்டையாகவே கிடக்கும். அதற்காகவே முன்னால் ஒரு பாறையோ அடிமரமோ வரும்படி எடுத்தார்கள். தள்ளி நின்று ரசித்த மலைக்குள், கூடத்து நாற்காலியில் இருந்தபடியே நுழைந்துவிடலாம். மனம் படத்தின் ஆழத்துக்குள் தடவிக்கொண்டே போவதாக 1859இல் அமெரிக்க எழுத்தாளர் ஹோம்ஸ் எழுதினார்.
– வ.

நுழைந்தால் யாரைப் பார்ப்பீர்கள்? அப்பள்ளத்தாக்கின் பூர்வகுடிகளான அவானீச்சி மக்களை 1851இல் படை விரட்டியது. பத்தாண்டு கழித்து அதே இடம் அட்டையில் மனிதவாடையற்ற காடு. 1864இல் லிங்கன் கையெழுத்திட்ட பள்ளத்தாக்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கும் இப்படங்கள் துணைநின்றதாகச் சொல்வார்கள். கருப்பொருளில் மக்களும் உண்டு, மு. ஐயா, ஆளை நீக்கிய நிலத்துக்குத் திணையைத் துணைக்கு அழைக்காதீர்கள்.
– தே.

தே. சொன்னதைப் பாடத்தில் ஒரு பத்தியாகச் சேர்த்துவிட்டேன். பெரும்பான்மைப்படி 'இரட்டைப்படம்', 'இரட்டைப்படக் காட்டி'. ஆழ்படம் அடைப்புக்குறிக்குள். கோப்பு போய்விட்டது.
– செ.

இரட்டை எண்ணைச் சொல்கிறது, பண்பைச் சொல்லவில்லை. என் மறுப்பைப் பதிவுசெய்க. திண்–திணை உறவைத் தனி இழையில் எழுதுகிறேன், நீளமாக.
– மு.