பெரிய வீட்டு வாட்ஸ்அப் குழுவில் ஒரு டிராக்டர்

செல்வம்: அண்ணன், அத்தான், எல்லோரும் பாருங்கள். பழைய வண்டியின் கியர் பெட்டி போய்விட்டது. மெக்கானிக் பிரித்துப் பார்த்துவிட்டு 85,000 ஆகும் என்கிறார். ஜூன் 12 மேட்டூர் அணை திறந்தால் குறுவைக்கு ஓட வேண்டும். அதற்குள் ஒரு முடிவு தெரிந்தாக வேண்டும்.

ராஜம்: அனைவருக்கும் காலை வணக்கம் 🙏 வெள்ளிக்கிழமை பேத்திக்குக் காதணி விழா. நேரில் வந்து அழைக்கவில்லை என்று யாரும் சொல்லக் கூடாது.

மாணிக்கம்: 85,000 அநியாயம்.

கதிர்: பெரியப்பா, ரிப்பேரே வேண்டாம். புது வண்டி பார்த்து வைத்திருக்கிறேன். இண்டோ ஃபார்ம், 45 எச்.பி. ஐந்தரை லட்சம், ஜி.எஸ்.டி. சேர்த்து 5,77,500. கொட்டேஷன் படம் மேலே போட்டிருக்கிறேன்.

மாணிக்கம்: என்ன ஃபார்ம்?

சுமதி: கோழிப் பண்ணையா தம்பி 😂

கதிர்: அக்கா, இமாச்சலப் பிரதேசத்தில் பத்தி என்ற ஊரில் தொழிற்சாலை. 1994இல் தொடங்கிய நிறுவனம். கிரேனும் செய்கிறார்கள். 2025 ஜனவரியில் பங்குச் சந்தைக்கே வந்துவிட்டார்கள்.

மாணிக்கம்: கிரேன் நமக்கு எதற்கு.

சிங்கப்பூர் பாலு: விலை குறைவாகத்தான் தெரிகிறது. ஏன்?

கதிர்: விளம்பரச் செலவு இல்லை அண்ணன். வண்டியிலும் ஆடம்பரம் கிடையாது. தவிர, 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு வரி 12இலிருந்து 5 விழுக்காடு. பழைய வரியென்றால் இதே வண்டி 6,16,000.

வேணு: வேளாண்மைப் பொறியியல் துறையில் இருந்தவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். முதலாவது, 45 எச்.பி. என்பது இன்ஜின் கணக்கு. மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டரைச் சுற்றுவது வண்டியின் பின்னால் இருக்கும் பி.டி.ஓ. தண்டு. அங்கே வந்து சேருவது ஏறத்தாழ 85 விழுக்காடுதான். ஆகவே ஐந்தடி ரோட்டவேட்டர் என்றால் தாராளம். ஆறடி போட்டால் களிமண்ணில் இன்ஜின் முனகும். இரண்டாவது, மத்தியப் பிரதேசம் பூத்னியில் மத்திய அரசின் பரிசோதனை நிலையம் இருக்கிறது. சந்தைக்கு வரும் டிராக்டர்களை அங்கே ஓட்டிப் பார்த்து அறிக்கை தருகிறார்கள். பி.டி.ஓ. சக்தி, கலப்பையைத் தூக்கும் லிஃப்ட் எத்தனை கிலோ தாங்கும், பிரேக் பிடிப்பது எப்படி, எல்லாம் அதில் இருக்கும். டீலரிடம் வண்ணப் புத்தகத்தை வாங்காதே, அந்த அறிக்கையைக் கேள். மூன்றாவது, 50 எச்.பி.க்கு மேல் போனால் 2023 ஜனவரி முதல் புகைக் கட்டுப்பாட்டு விதி மாறிவிட்டது. எலக்ட்ரானிக் சென்சார், கணினி சொல்லி டீசல் செலுத்தும் காமன் ரயில் என்று டீசல் பம்ப்பையே தொட முடியாது. 45 என்பதால் பழைய மாதிரி பம்ப்தான். நம்மூர் மெக்கானிக்கே கழற்றி மாட்டலாம். அது ஒரு நல்ல விஷயம். நான்காவது...

ராஜம்: தொடங்கிவிட்டார்.

சுமதி: மாமா, "மேலும் படிக்க" என்று மூன்று முறை வருகிறது.

செல்வம்: அத்தான், வாங்கலாமா வேண்டாமா, அதை மட்டும் சொல்லுங்கள்.

வேணு: அப்படி ஒரு சொல்லில் சொல்ல முடியாது.

மாணிக்கம்: அப்பா எச்.எம்.டி. டிராக்டர் வாங்கியபோதும் ஊரே சிரித்தது. கடைசியில் கம்பெனியே டிராக்டரை நிறுத்திவிட்டது. உதிரிபாகத்துக்கு நாய் படாத பாடு.

செல்வம்: நிறுத்தியது 2016இல் அண்ணன். அதற்குள் நம் வண்டியே வீட்டில் இல்லை.

மாணிக்கம்: ஏன் இல்லை?

செல்வம்: ஏன் என்று உங்களுக்குத் தெரியாதா?

ராஜம்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சுமதி: படித்துவிட்டோம் அத்தை. ஆமாம், என் கல்யாணத்துக்குத்தான் விற்றார்கள். நான் கேட்டேனா?

செல்வம்: உன்னைச் சொல்லவில்லை அம்மா. டிரெய்லரும் கூடவே போய்விட்டதே என்றுதான்.

சுமதி: சித்தப்பா, அந்த டிரெய்லர் எங்கள் கொல்லையில் நிற்கிறது. அடியில் கோழி அடைகிறது, மேலே பூசணிக் கொடி. நாளைக்கே வந்து இழுத்துப் போங்கள்.

மாணிக்கம்: எதை வைத்து இழுப்பது?

சிங்கப்பூர் பாலு: 😂😂

கதிர்: சோனாலிகா 1996இல் டிராக்டர் செய்ய ஆரம்பித்தபோது யாருக்குத் தெரியும்? இன்று நம் தெருவிலேயே இரண்டு நிற்கின்றன.

மாணிக்கம்: அவை நிற்பதற்குப் பக்கத்திலேயே கடை இருக்கிறது.

வேணு: மைத்துனர் சரியான இடத்தைத் தொட்டிருக்கிறார். ஃபில்டர், பேரிங், சீல் எல்லாம் எந்தக் கடையிலும் பொருத்தமானது கிடைத்துவிடும். கிளட்ச் பிளேட்டும் லிஃப்ட் கிட்டும் அப்படியில்லை. அந்தந்தக் கம்பெனிக்கு அளவு மாறும். நாற்றங்கால் தயாராக இருக்கும்போது கிளட்ச் போனால், பார்சல் வரும்வரை நாற்று முற்றிக்கொண்டிருக்கும். கதிர், நீ டீலரின் பேச்சைக் கேட்காதே. அவர் கடை அலமாரியைப் போய்ப் பார். இந்த இரண்டும் இன்றைக்கு அங்கே இருக்கின்றனவா? இருந்தால் விலைச்சீட்டைப் படம் எடுத்து அனுப்பு. ஏற்கெனவே வாங்கிய இரண்டு பேர் முகவரியும் கேள். முதல் சர்வீஸ் 50 மணி நேரத்தில் வரும், அதற்கு ஆள் வீட்டுக்கு வருவாரா, நாம் ஓட்டிக்கொண்டு போக வேண்டுமா என்பதையும்.

கதிர்: கேட்கிறேன் மாமா.

வேணு: டபுள் கிளட்ச்தானே? சிங்கிள் என்றால் கிளட்சை மிதிக்கும்போதெல்லாம் ரோட்டவேட்டரும் நின்றுவிடும். பிரேக் ஆயில் பிரேக்காக இருக்கட்டும். சேற்றுழவில் உலர் பிரேக்குக்குள் சேறு போனால் லைனிங் தங்காது.

கதிர்: இரண்டையும் எழுதிக்கொண்டேன்.

ராஜம்: காதணி விழாவுக்கு 150 இலை போதுமா? சமையல்காரர் கேட்கிறார்.

சுமதி: 200 சொல்லுங்கள் அத்தை. போன தடவை ரசத்தில் தண்ணீர் ஊற்றியது போதும்.

ராஜம்: அது உன் மாமியார் வேலை.

சிங்கப்பூர் பாலு: நான் இரண்டு லட்சம் தருகிறேன். மீதி வங்கிக் கடன்தானே? ஆர்.சி. யார் பெயரில்?

செல்வம்: நிலத்தைப் பார்ப்பவன் பெயரில்தான் வைக்க வேண்டும்.

மாணிக்கம்: கூட்டுப் பட்டா. கடன் என்றால் வங்கியில் என் கையெழுத்தும் கேட்பார்கள்.

செல்வம்: போட மாட்டீர்களா அண்ணன்?

மாணிக்கம்: போட மாட்டேன் என்றா சொன்னேன்? கேட்பார்கள் என்றேன்.

சிங்கப்பூர் பாலு: அப்பா, நான்கு வருடமாக மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்குக் கொட்டிக்கொண்டிருக்கிறோம்.

செல்வம்: வண்டி இருந்தது பாலு. பாதி நாள் ஓடவில்லை, அவ்வளவுதான்.

வேணு: வாடகைக் கணக்கைப் பார்த்துவிடுவோம். 12 ஏக்கர், குறுவையும் தாளடியும். ஏக்கருக்கு ஒரு போகத்துக்கு மூன்று மணி நேரம் என்றால் 72 மணி. இப்போது மணிக்கு 1,200 வாங்குகிறார்கள். 86,400. நான்கு லட்சம் கடனுக்கு முதல் வருட வட்டியே 40,000 பக்கம் வரும். டீசல் மணிக்கு நான்கு லிட்டர் வைத்தாலும் 26,000. இன்ஷூரன்ஸ், சர்வீஸ், டிரைவர் கூலி, அசல் தவணை இன்னும் எழுதவில்லை. நம் நிலத்தை மட்டும் உழுதால் கட்டாது. வெளி வேலைக்குப் போக வேண்டும்.

கதிர்: நான் ஓட்டுகிறேன் மாமா. சுற்றியிருக்கும் நாலு ஊருக்கும் போவேன்.

மாணிக்கம்: வெளியே போனால் காசு வரும். சொந்தக்காரன் வீட்டுக்குப் போனால் காபிதான் வரும்.

சுமதி: எங்கள் வீட்டைச் சொல்லவில்லையே அப்பா?

மாணிக்கம்: 🙏

ராஜம்: மானியம் உண்டு என்கிறார்களே?

வேணு: பவர் டில்லர், ரோட்டவேட்டர் போன்றவற்றுக்கு உண்டு. சிறு, குறு விவசாயி, மகளிர், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 50 விழுக்காடு, மற்றவர்களுக்கு 40. அதற்கும் ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். உழவன் செயலியில் பதிய வேண்டும். ஆகவே ரோட்டவேட்டரை வண்டியோடு சேர்த்து டீலரிடம் வாங்காதீர்கள். ராஜம் பெயரில் தனியாக விண்ணப்பித்தால் 50 கிடைக்கும்.

செல்வம்: அத்தான் பேசிக்கொண்டே ரோட்டவேட்டரை அக்கா பெயருக்கு எழுதிவிட்டார்.

சுமதி: 😂

வேணு: நான் சட்டத்தைச் சொன்னேன்.

ராஜம்: எனக்கு எதற்கு ரோட்டவேட்டர்? என் பங்கு நிலத்துக் குத்தகை நெல் வந்தால் போதும். அது ஒழுங்காக வந்து எத்தனை நாள் ஆகிறது என்று கேட்டுச் சொல்லுங்கள்.

செல்வம்: அக்கா, அதை இங்கே வேண்டாம்.

கதிர்: டீலரிடம் பேசிவிட்டேன். வியாழக்கிழமை வண்டியை நம் வயலுக்கே கொண்டுவருகிறாராம். ஓட்டிப் பார்க்கலாம்.

வேணு: காய்ந்த நிலத்தில் ஓட்டிக் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள். போர்த் தண்ணீர் விட்டு ஒரு மா, அதாவது 33 சென்ட் நிலத்தை முதல் நாளே ஊற வை. இரண்டு டன் பக்கம் எடை இருக்கும். சேற்றில் புதையாமல் இருக்க கேஜ் வீல் என்ற இரும்புச் சக்கரம் மாட்டி, நம் களிமண்ணில் இறங்கி ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். அப்புறம் கலப்பையைத் தூக்கி நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு, டீ குடிக்கப் போங்கள். திரும்பி வரும்போது கலப்பை தானாக இறங்கியிருந்தால் லிஃப்டில் கசிவு.

கதிர்: கிளட்ச் பிளேட் கடையில் இருக்கிறதாம். லிஃப்ட் கிட் ஆர்டர் போட்டால் வருமாம்.

மாணிக்கம்: "வருமாம்" ஆகாது.

செல்வம்: அண்ணன், வியாழக்கிழமை நீங்களும் வயலுக்கு வந்து ஒரு முறை உட்கார்ந்து ஓட்டிப் பாருங்கள்.

மாணிக்கம்: முழங்கால் வலி.

மாணிக்கம்: எத்தனை மணிக்கு?

கதிர்: பத்து மணிக்கு பெரியப்பா.

ராஜம்: வியாழன் ஒன்றரையிலிருந்து மூன்று வரை ராகுகாலம். பணம் காசு பேசுவதானால் அதற்குள் பேசி முடியுங்கள்.

சுமதி: 200 இலை சொல்லியாகிவிட்டதா அத்தை?

ராஜம்: 175.

சிங்கப்பூர் பாலு: இரண்டு லட்சத்தை இன்றைக்கே அனுப்பட்டுமா? இங்கே இன்று மாற்று விலை நன்றாக இருக்கிறது.

செல்வம்: அனுப்பு.

மாணிக்கம்: பொறு.