மெய்ப்பில் மாறிய காற்று

பாசி எடுக்கத் தென்கடலுக்குப் போகும் பெண்களைப் பற்றிய எனது சிறுகதைத் தொகுப்பு அச்சேறுவதற்கு முன் நடந்தது இது. பக்க வடிவமைப்பு முடிந்து மெய்ப்பு வந்தபோது, எழுத்துப் பிழைகளை மட்டும் திருத்தித் தந்துவிடலாம் என்றே எண்ணியிருந்தேன். பாம்பன் வீட்டுத் திண்ணையில், பல ஆண்டுகள் பாசிக்குப் போய் வந்த அம்மாவுக்கு ஒரு கதையை வாசித்துக் காட்டினேன். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு கிளம்பியவள், கடலைப் பார்த்துவிட்டு வீடு திரும்பும் இடம் வந்ததும் அம்மா நிறுத்தினார்: "வாடை அடிச்சா தென்கடல் குளமாட்டம் கிடக்குமே, அவ எதுக்குடா திரும்புறா?"

நான் எழுதியிருந்தது தென்மேற்குக் காற்றைக் குறிக்கும் கச்சான். பொதுவாசகருக்குப் புரியாது என்று கருதிய செம்மையாளர் அதை வாடை என்று மாற்றியிருந்தார். கச்சானில் மன்னார் வளைகுடாவான தென்கடல் கொந்தளிக்கும். வாடையில் பாக் நீரிணைப் பக்கமுள்ள வடகடல்தான் கொந்தளிக்கும். அவரை நான் நொந்துகொள்ளவில்லை. கச்சான் எப்படிப்பட்டது என்பதைக் கதைக்குள்ளேயே உணர்த்தாமல் விட்டவன் நான்தான். அடிக்குறிப்பு போடலாம் என்றார். சிறுகதைக்கு அடிக்குறிப்பு எனக்கு ஒவ்வாது என்பதால், "கச்சான் ஏறியதில் தென்கடல் கரைவரை வெளுத்துக் கிடந்தது" என்று ஒரு வரி சேர்த்தேன். அதனால் கதை அடுத்த பக்கத்துக்கு வழிந்து, 16 பக்கங்களை ஒரே தாளில் அச்சிடும் படிவக் கணக்கு இடிக்கவே, முன்னுரையில் ஒரு பத்தியை வெட்ட வேண்டியதாயிற்று (முன்னுரைக்கு அது நல்லதே). இப்போதெல்லாம் கச்சான், பாசி வகைகளான கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என மாற்றக்கூடாத சொற்களைத் தனித்தாளில் எழுதிப் பிரதியோடு அனுப்புகிறேன்.

தொண்டியிலிருந்து ஒரு மறுமொழி:

அண்ணே, என் கவிதை நூலில் சொற்கள் தப்பின, சிக்கியது ஒப்பந்தம். பதிப்பகத்துக்குப் பதிப்புரிமையை ஒப்படைப்பதாக ஒரே ஒரு தாளில் கையொப்பமிட்டேன்; எத்தனை ஆண்டுகளுக்கு, எந்த நாட்டுக்கு என்று அதில் இல்லை. ஏழாம் ஆண்டில் வேறொரு பதிப்பகம் மறுபதிப்புக்குக் கேட்டபோது, உரிமை இன்னும் தம்மிடமே இருப்பதாகப் பழையவர்கள் கடிதம் எழுதினார்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 19ஆம் பிரிவின்படி, காலம் குறிப்பிடாத ஒப்படைப்பு 5 ஆண்டுகளுக்கே செல்லும். எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டுமே. இதை எடுத்துக்காட்டிப் பதில் எழுதினேன். மறு கடிதம் வரவில்லை. புதிய ஒப்பந்தத்தில் "3 ஆண்டுகள்" என்று என் கையாலேயே எழுதி, அதன் அருகில் இரு தரப்பும் சுருக்கொப்பமிட்டோம்.