பாரதி பாட்டுக்கு எப்படிக் காப்புரிமை வரும்?

என் மகள் ஏழாம் வகுப்பு. சுதந்திர தினத்துக்கு ‘ஆடுவோமே பள்ளுப் பாடுவோமே’ பாட்டை ஆர்மோனியம் மட்டும் வைத்து, பழைய படத்தில் வரும் அதே மெட்டில் பாடினாள். யூடியூபில் ஏற்றிய மறுநாளே ஏதோ ஒரு இசை நிறுவனம் உரிமை கோருவதாக அறிவிப்பு வந்துவிட்டது. பாரதி பாடல்கள் நாட்டுடைமையாகி எத்தனை வருஷம் ஆகிறது! ‘நான் திருடிட்டேனாப்பா?’ என்று கேட்கிறாள், மனசு கேட்கவில்லை. ஆட்சேபம் எழுதலாமா?

பதில் 1
பிள்ளை எதையும் திருடவில்லை என்று முதலில் சொல்லிவிடுங்கள் சார். ஒரு பாட்டுக்குள் வரி, மெட்டு, ஒலிப்பதிவு என்று மூன்று தனித்தனிச் சொத்து இருக்கிறது. வரி பாரதியுடையது, அது எல்லோருக்கும் பொது. அவர் பாடல்களின் இசைத்தட்டு உரிமை ஏ.வி. மெய்யப்பனிடம் இருந்தது, 1949இல் சென்னை அரசுக்கு விட்டுக்கொடுத்துவிட்டார். நீங்கள் சொல்லும் படம் அவர் எடுத்த ‘நாம் இருவர்’, 1947. ஒலிப்பதிவுக்குக் காப்பு 60 ஆண்டுதான், அதுவும் எப்போதோ தீர்ந்துவிட்டது. மாட்டுவது மெட்டு. அதற்கு இசையமைத்தவர் ஆயுள் முழுவதும், அப்புறம் இன்னொரு 60 ஆண்டு. படத்துக்கு இசை ஆர். சுதர்சனம், அவர் மறைந்தது 1991இல். கணக்குப் போட்டால் 2051 முடியும்வரை!

பதில் 2
பயப்படாதீர்கள். வந்திருப்பது உரிமைகோரல்தான், ஸ்ட்ரைக் (சேனல் மீது விழும் விதிமீறல் எச்சரிக்கை) இல்லை. பெரும்பாலும் வீடியோ அப்படியே இருக்கும், விளம்பரக் காசு மட்டும் அவர்களுக்குப் போகும். ‘பாரதி நாட்டுடைமை’ என்று மட்டும் எழுதி ஆட்சேபித்தால் நிற்காது, அவர்கள் மெட்டைக் காட்டுவார்கள். பிடிவாதமாக மறுத்துக்கொண்டே போனால் வீடியோவை எடுக்கச் சொல்லி ஸ்ட்ரைக் விழலாம், 90 நாளுக்குள் மூன்று விழுந்தால் சேனலே போய்விடும்.

பதில் 3
நான் மேடையில் வயலின் வாசிப்பவன். மெட்டுப் போட்டவருக்குப் பணம் போகவேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. காப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்துக்கு முன்பு எத்தனை கவிஞர்களும் இசையமைப்பாளர்களும் ஒருமுறை கையெழுத்துப் போட்டுவிட்டு, அப்புறம் பைசா பார்க்காமலே போனார்கள்! இப்போது ராயல்டி பெறும் உரிமையை நிறுவனத்துக்கு எழுதிக்கொடுத்தாலும் செல்லாது, வாரிசுக்கோ, ராயல்டி வசூலித்துத் தரும் காப்புரிமைச் சங்கத்துக்கோதான் கொடுக்கலாம். ஆனால் ஒரு குழந்தை வீட்டில் பாடியதைப் பிடிக்கும் அளவுக்கு, பாட்டைத் தானாக அடையாளம் காணும் இயந்திரத்தை முடுக்கிவிடுவது சரியில்லை.

கேட்டவர்
நன்றி. ஆட்சேபம் எழுதவில்லை. பாட்டு டீச்சரிடம் வேறு ராகத்தில் புதிதாக மெட்டுப் போடச் சொன்னால் பிரச்சினை வராதா?

பதில் 1
தாராளமாகப் போடலாம், ராகம் யாருக்கும் சொந்தமில்லை. டீச்சர் போடும் மெட்டு டீச்சருடையது, வீடியோவுக்குக் கீழே அவர் பெயரைப் போட மறக்காதீர்கள்.